பூநாரைக்குக் கணுக்கால், எனக்கு முழங்கால்

புது கேமரா வாங்கியவரையும் புது மாப்பிள்ளையையும் ஏமாற்றக் கூடாது என்பது எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுச் சட்டம். அதனால்தான் மனைவியின் அண்ணன் பூநாரை பார்க்கக் கூப்பிட்டதும், டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன்.

எண்ணூர் தாண்டிக் கழிமுகம் தெரிந்ததும் மச்சான் வகுப்பெடுக்கத் தொடங்கினார். "மாப்பிள்ளை, அதோ பாருங்கள், நீர்க்காகம்!" பார்த்தேன். காகம்தான், நீர் கொஞ்சம் தள்ளி இருந்தது.

பொன்னேரியில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது என்று வழியெல்லாம் கேட்டு வந்ததால், கடல் போல ஆழமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தூரத்தில் நடு ஏரியில் ஓர் ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து போனார்.

அவருக்கும் அப்பால், வெயிலில் உலர்த்திய வேட்டி போல ஒரு வெள்ளைக் கோடு. தொலைநோக்கியில் பார்த்தால் அத்தனையும் பூநாரைகள்! தலையைக் கவிழ்த்து, அலகைச் சல்லடையாக்கிச் சேற்றுநீரைச் சலித்துக்கொண்டிருந்தன. அந்தத் தீனியில் இருக்கும் பாசியும் பொடி இறாலும்தான் இறகுக்கு இளஞ்சிவப்பு ஏற்றுகிறதாம். இருபது வருடமாக இறால் தொக்கு சாப்பிடும் எனக்கு வயிறு மட்டும்தான் ஏறியிருக்கிறது.

கேமராவுக்குத் தூரம் போதவில்லை. சேற்றில் இறங்கினோம். நாங்கள் பத்து அடி வைத்தால் அவையும் பத்து அடி தள்ளிப் போயின. பறக்கக்கூட இல்லை, கடன்காரனைத் தெருமுனையில் பார்த்தவர் நடப்பாரே, அந்த நிதானம்.

பக்கத்தில் ஓர் அம்மா இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, இரு கையாலும் இறால் தடவிக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கவ்வியிருந்தார். "இன்னும் கிட்டே போக வழி இருக்கிறதா அம்மா?" என்று மச்சான் கேட்டார். பதில் இல்லை. மூன்றாம் முறை கேட்டதும் பறியைக் கையில் எடுத்தார். "இந்தச் சட்டையைப் பார்த்தால் எந்தப் பறவை தம்பி நிற்கும்?" பறி மீண்டும் பல்லுக்குப் போனது.

அலுவலகத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு இலவசமாகக் கொடுத்த ஆரஞ்சு பனியன். நான்தான் போட்டிருந்தேன்.

மச்சான் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் ஓர் அடி பின்வாங்கினேன். உளைச்சேறு முழங்கால்வரை இழுத்துக்கொண்டது. பூநாரையின் காலில் பின்பக்கம் மடங்குவதை நாம் முழங்கால் என்று நினைக்கிறோம், உண்மையில் அது கணுக்கால் என்று மச்சான் விளக்கியது அப்போதுதான். "உங்களுக்கு முழங்கால் இருக்கும் இடத்தில் அதற்குக் கணுக்கால்தான், மாப்பிள்ளை!" முதலில் கையைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். இப்போது இருவரும் சேற்றில்.

அந்த அம்மாதான் கரையேற்றிவிட்டார். என் இடது செருப்பு மட்டும் பழவேற்காட்டிலேயே தங்கிவிட்டது. மச்சானின் கேமராவில் எழுபது படங்கள். பூநாரை உள்ள படங்களிலெல்லாம் ஓரத்தில் ஓர் ஆரஞ்சுத் தோள்.

திரும்பும் ரயிலில் காலெல்லாம் கருஞ்சேறு காய்ந்து நாற, வாசற்பக்கம் ஒதுங்கி நின்றோம். அங்கே மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.