கண் மட்டத்தில் ஒரு பை: வட அமெரிக்க ஸ்கிராபிள் சங்கத்தில் சேர்ந்து போட்டி ஆடிய அனுபவம்

கொழும்பில் படித்த காலத்தில் பாடசாலை அணிக்காக ஸ்கிராபிள் ஆடியிருக்கிறேன். எழுத்துப் பொறித்த சிறு சதுரத் துண்டுகளான டைல்களைப் பையிலிருந்து எடுத்து, பலகையில் ஆங்கிலச் சொற்களாக அடுக்கிப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு அது. ஆசிரியை அழைத்துப் போவார், ஆடுவோம், சான்றிதழோடு திரும்புவோம். போட்டியை யார் நடத்துகிறார்கள், எந்தச் சொல் செல்லும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதெல்லாம் எங்கள் கவலையாக இருந்ததில்லை. ரொறொன்ரோவுக்குக் குடிவந்து, பிள்ளைகள் சற்று வளர்ந்த பிறகு மீண்டும் ஆடும் ஆசை வந்தபோதுதான் அந்தக் கேள்விகள் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன.

முதலில், இங்கே போட்டிகளை நடத்துவது விளையாட்டுப் பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் அல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்கிராபிள் உரிமை ஹாஸ்ப்ரோவிடம் இருக்கிறது. உலகின் மற்றப் பகுதிகளில் மட்டேலிடம். முன்பு தயாரிப்பு நிறுவனத்தின் பணத்தில் இயங்கிய ஒரு தேசியச் சங்கம்தான் இங்கே போட்டிகளைக் கவனித்து வந்தது. பெரியவர்களுக்கான போட்டிகளுக்கு இனிப் பணம் இல்லை என்று ஆனபோது, 2009இல் ஆட்டக்காரர்களே சேர்ந்து வட அமெரிக்க ஸ்கிராபிள் வீரர்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். சுருக்கமாக நாஸ்பா. உறுப்பினர் சந்தாவும் போட்டிகளிலிருந்து வரும் சிறு கட்டணமும்தான் அதன் முதுகெலும்பு. இதை அறிந்த பிறகு சந்தாவைப் பார்க்கும் என் பார்வையே மாறியது.

உறுப்பினராவது எளிது. விவரங்களைக் கொடுத்துப் பணம் கட்டினால் இரண்டு எழுத்துகளும் ஆறு இலக்கங்களும் கொண்ட ஓர் உறுப்பினர் எண் கிடைக்கும். வாழ்நாள் முழுவதும் ஆடப்போகும் அத்தனை பதிவு பெற்ற ஆட்டங்களும் அந்த எண்ணின் கீழ்தான் சேரும். சந்தாவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காலாவதியான உறுப்பினர் தரவரிசைப் போட்டியில் ஆட முடியாது. கடையில் விற்கும் ஸ்கிராபிள் அகராதியில் இல்லாத நீளமான சொற்களையும் உள்ளடக்கிய போட்டிப் பட்டியல் உறுப்பினர்களுக்குக் கிடைக்கும்.

அந்தப் பட்டியலில்தான் எனக்கு உண்மையான வேலை இருந்தது. இலங்கையில் நாங்கள் ஆடியது காலின்ஸ் அகராதி நிறுவனத்தின் சொற்பட்டியலை வைத்து. உலகின் பெரும்பகுதி அதையே பின்பற்றுகிறது. அதில் ஏறத்தாழ 2,80,000 சொற்கள். வட அமெரிக்கப் பட்டியலின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏறத்தாழ 1,96,000. குறைவாகத்தானே இருக்கிறது, சுலபம் என்று தோன்றும். உண்மையில் புதிதாகக் கற்பதைவிடக் கற்றதை விலக்கி வைப்பது கடினம். காலின்ஸில் ஈரெழுத்துச் சொற்கள் 127, இங்கே 107. இடைப்பட்ட 20 சொற்களும் சிறு வயதிலிருந்தே விரலில் ஊறியவை. இஸட்டும் ஓவும் சேர்ந்த 'சோ' அங்கே செல்லும், இங்கே செல்லாது. பலகையில் இறுக்கமான மூலையைக் கண்டால் கை தானாக அதைத்தான் தேடும்.

இங்கேயும் காலின்ஸ் பிரிவு வைக்கும் போட்டிகள் உண்டு. எதில் ஆடுவது என்பது ஆட்டக்காரரின் விருப்பம். ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ரேட்டிங் இரண்டுக்கும் தனித்தனி. நான் முதலில் வட அமெரிக்கப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தேன். சிறிய ஊர்களில் நடக்கும் போட்டிகளில் அதற்குத்தான் ஆள் அதிகம், என் அளவிலான எதிராளிகளும் கிடைப்பார்கள். காலின்ஸில் ஊறிய நம்மவர்கள் பலர் இதை ஓர் இறக்கமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியல் சிறிதானால் ஆட்டம் சிறிதாகிவிடாது. இடம் பிடிப்பதிலும் கடைசி டைல்களைக் கணக்கிடுவதிலும் உள்ள நுட்பம் அப்படியேதான் இருக்கிறது.

போட்டியில் சேருவதற்கு முன் கிளப்பில் சில மாலைகள் ஆடினேன். யாருக்கும் இதைத்தான் சொல்வேன்: நேராகப் போட்டிக்குப் போகாதீர்கள். கடிகாரத்தை அழுத்தப் பழகும் இடம் கிளப்தான்.

ஒவ்வொருவருக்கும் ஆட்டத்துக்கு 25 நிமிடங்கள். சதுரங்கத்தில் நேரம் முடிந்தால் ஆட்டமே முடிந்துவிடும். இங்கே ஆட்டம் தொடரும், ஆனால் கூடுதலாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், நிமிடத்தின் ஒரு பகுதியானாலும்கூட, 10 புள்ளிகள் கழியும். வீட்டில் தேநீரோடு ஆடியவர்களுக்கு இதன் பாரம் முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். சொல்லை வைத்து, புள்ளியை உரக்கச் சொல்லி, கடிகாரத்தை அழுத்தி, மொத்தத்தை எழுதி, அதன் பிறகுதான் பையில் கை விட வேண்டும். இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. டைல் எடுப்பதற்கு முன், வைத்த சொல்லைச் செல்லாது என்று எதிராளி எதிர்க்க விரும்புகிறாரா என்று யோசிக்க அவருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் அவர் 'ஹோல்ட்' என்பார். உடனே கை நிற்க வேண்டும்.

போட்டி நாளன்று காலையில் நான் கண்ட முதல் காட்சி என் மனதுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒவ்வொரு மேசையிலும் இருவர் டைல்களைப் பலகையின் மேல் ஐந்துக்கு ஐந்தாக நான்கு சதுரங்களாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு இருபத்தைந்து நூறு. ஒரு டைல் குறைந்தாலும் சதுரத்தில் ஓட்டை தெரியும். எண்ணிப் பார்க்காமலே எண்ணிவிடும் வழி இது. பிறகு எல்லாவற்றையும் பைக்குள் தள்ளிக் குலுக்குவார்கள். போட்டியில் பயன்படும் டைல்கள் வழவழப்பானவை. விரலால் தடவி எழுத்தை அறிய முடியாது. பையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்காமல், முகத்தை வேறு பக்கம் திருப்பி எடுக்க வேண்டும்.

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு சந்தேகம் தேவையா என்று கேட்கலாம். தேவைதான். 2012இல் ஒர்லாண்டோவில் நடந்த தேசியப் போட்டியில், எந்த எழுத்தாகவும் பயன்படும் வெற்று டைல்களை மறைத்து வைத்த இளம் ஆட்டக்காரர் ஒருவர் நடுவிலேயே வெளியேற்றப்பட்டார். சில ஆண்டுகள் கழித்து பிரிட்டனில், டைல் எடுக்கும் முறை குறித்த விசாரணைக்குப் பிறகு முன்னணி ஆட்டக்காரர் ஒருவருக்கு அங்குள்ள சங்கம் மூன்று ஆண்டுத் தடை விதித்தது. நூறில் இரண்டே இரண்டு வெற்று டைல்கள். அவை யார் கையில் விழுகின்றன என்பது பல ஆட்டங்களைத் தீர்மானிக்கிறது. பையை உயர்த்திப் பிடிப்பது எதிராளியை அவமதிப்பதாகாது. என்மேல் யாரும் பிறகு ஒரு சொல் சொல்லிவிட முடியாது என்பதற்காகவும்தான் நான் உயர்த்திப் பிடிக்கிறேன்.

எதிர்ப்பு முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வட அமெரிக்க ஆட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. இல்லாத சொல்லை வைப்பது இங்கே குற்றம் அல்ல. எதிராளி எதிர்க்காவிட்டால் அது பலகையில் நிற்கும், புள்ளியும் சேரும். எதிர்த்து, சொல் செல்லாததாக இருந்தால், வைத்தவர் டைல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்த முறையை இழப்பார். சொல் சரியாக இருந்தால் எதிர்த்தவர் தன் முறையை இழப்பார். காலின்ஸ் ஆட்டத்தில் தவறான எதிர்ப்புக்கு 5 புள்ளி போன்ற சிறு அபராதம்தான். ஆகவே சந்தேகம் வந்தால் கேட்டுவிடலாம். இங்கே ஒரு முறையை இழப்பது முப்பது நாற்பது புள்ளிகளை இழப்பதற்குச் சமம். சொல் தெரிந்திருப்பது மட்டும் போதாது, தெரியும் என்ற உறுதியும் வேண்டும்.

என் மூன்றாவது சுற்றில் எதிரே இருந்தவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார். ஏழு டைல்களையும் ஒரே வீச்சில் வைத்தார். அதற்கு 50 புள்ளி கூடுதல். சொல் அழகாக இருந்தது, ஒலியும் ஆங்கிலம் போலவே இருந்தது. 'ஹோல்ட்' என்றேன். யோசித்தேன். அந்த முன்னொட்டோடு அந்த வினை பட்டியலில் இல்லை என்று உறுதியானதும் கடிகாரத்தை நிறுத்தி எதிர்த்தேன். சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி, எங்கள் டைல்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இருவரும் மண்டபத்தின் மூலையில் இருந்த கணினிக்கு நடந்தோம். அங்கே நடுவர் கிடையாது. எதிர்த்தவர் தட்டச்சு செய்கிறார், மற்றவர் எழுத்துகள் சரிதானா என்று பார்த்த பிறகே விடை திரையில் வருகிறது. ஒரே வைப்பில் உருவான இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்து எதிர்த்தால்கூட, மொத்த வைப்பு செல்லுமா செல்லாதா என்று மட்டும்தான் கணினி சொல்லும். எது பிழையான சொல் என்று காட்டிக்கொடுக்காது. அன்று திரை சிவந்தது. அம்மையார் என் தோளைத் தட்டி, "நன்றாகப் பிடித்தாய்" என்று சொல்லிவிட்டு நடந்தார். திரும்பி வந்து மீதி ஆட்டத்தை இன்னும் கடுமையாக ஆடி என்னைத் தோற்கடித்தார்.

ஆட்டம் முடிந்ததும் இருவரின் புள்ளிகளும் முடிவுச் சீட்டில் ஏறும், இருவரும் ஒப்பமிட வேண்டும். அடுத்த எதிராளி யார் என்று கணினி நிரல் முடிவு செய்யும்: தொடக்கத்தில் ஒரே பிரிவில் உள்ளவர்கள் கலந்து ஆடுவார்கள், போகப் போக ஒரே எண்ணிக்கையில் வென்றவர்கள் மோதுவார்கள், கடைசிச் சுற்றில் பெரும்பாலும் முதலாமவர் இரண்டாமவரோடு, மூன்றாமவர் நான்காமவரோடு. வெற்றிகள் சமமானால் மொத்தப் புள்ளி வித்தியாசம் தீர்மானிக்கும். ஆள் ஒற்றைப்படையாக இருந்து ஒருவர் ஆடாமல் இருக்க நேர்ந்தால் அவருக்கு ஒரு வெற்றியும் 50 புள்ளி வித்தியாசமும் கிடைக்கும். சுவரில் புதிய தாள் ஒட்டப்படும்போது எல்லோரும் அதைச் சுற்றி மொய்ப்பதைப் பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கணினிப் பொறியாளர்களும் பதினான்கு வயதுப் பையன்களும் ஒரே பட்டியலில் தங்கள் பெயரைத் தேடுவார்கள்.

ரேட்டிங் சதுரங்கத்தில் இருப்பது போன்றதே. தன்னைவிட உயர்ந்தவரை வென்றால் அதிகம் ஏறும், தாழ்ந்தவரிடம் தோற்றால் அதிகம் இறங்கும். முதல் 50 ஆட்டங்கள் வரை எண் வேகமாக அசையும், பிறகு நிதானப்படும். உச்சியில் இருப்பவர்கள் 2000ஐ ஒட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள். புதியவர்கள் கீழ்ப்பிரிவில் தொடங்குவது வழக்கம். அதில் வருந்த ஒன்றும் இல்லை, நன்றாக ஆடினால் எண்ணே மேலே கொண்டுபோய் விட்டுவிடும்.

ஸ்காபரோவில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு தங்கைக்கு இதையெல்லாம் சொன்னபோது, "அக்கா, ஒரு விளையாட்டு விளையாட எதற்குச் சந்தா? தொலைபேசியில் இலவசமாக ஆடலாமே" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பணம் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்தேன். நுழைவுக் கட்டணத்தில் மண்டப வாடகை, பரிசு, சங்கத்துக்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் செலுத்த வேண்டிய சிறு தொகை ஆகியவை அடங்கும். சந்தாவில் ரேட்டிங் கணக்கு, சொற்பட்டியல் பராமரிப்பு, விதிநூல், ஒழுங்கு விசாரணை ஆகியவை நடக்கின்றன. இவற்றில் பெரும் பகுதியைச் செய்பவர்கள் தன்னார்வலர்கள். வான்கூவரில் இருக்கும் ஒருவரும் நானும் முன்பின் பார்த்ததே இல்லை. ஆனாலும் மேசைக்கு வந்தமர்ந்த கணமே எந்தச் சொல் செல்லும், எத்தனை நிமிடம், யார் முதலில் தொடங்குவது என்று எங்களுக்குள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அந்த உடன்பாட்டுக்குத்தான் நான் சந்தா கட்டுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அதற்கடுத்த மாதம் அவளும் கிளப்புக்கு வந்தாள்.

சங்கம் எடுக்கும் முடிவுகள் எல்லாருக்கும் பிடிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020இல், உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்ட பிறகு, இனத்தையும் மதத்தையும் பாலினத்தையும் இழிவுபடுத்தும் 200க்கும் மேற்பட்ட சொற்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு காலின்ஸ் பட்டியலிலிருந்தும் ஏறத்தாழ 400 சொற்கள் நீங்கின. பல நல்ல ஆட்டக்காரர்கள் இதை எதிர்த்தார்கள். ஆட்டத்தில் சொல்லுக்குப் பொருள் இல்லை, அது புள்ளி மட்டுமே என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு: நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே பட்டியலை மனனம் செய்து 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வென்றவர். ஆனால் நான் நீக்கத்தின் பக்கம்தான். சொல்லுக்குப் பொருள் இல்லாவிட்டாலும், மேசையின் மறுபுறம் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அது இருக்கிறது. நிறத்துக்காகவும் மொழிக்காகவும் வசைகேட்டு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போட்டிகளை நடத்தவும் விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. சங்கத்தின் சான்றிதழ் பெற்ற இயக்குநராக வேண்டும். விதிநூலைப் பார்த்தே எழுதலாம் என்றாலும் தேர்வு எளிதல்ல. அதிகமாக டைல் எடுத்துவிட்டால் என்ன, வெற்று டைலுக்கு எந்த எழுத்து என்று சொல்லாமல் கடிகாரத்தை அழுத்திவிட்டால் என்ன, புள்ளிக் கணக்கில் இருவருக்கும் முரண்பாடு வந்தால் எப்போது வரை திருத்தலாம் என்று ஒவ்வொன்றும் விதிக்குள் நுழைந்து தேட வைக்கும். இப்போது அந்த நூலை மாலை நேரங்களில் படித்துக்கொண்டிருக்கிறேன். தேர்வை முடித்துவிட்டால், ஸ்காபரோவில் நம் பிள்ளைகளுக்காக ஒரு நாள் போட்டி வைக்கும் எண்ணம். அதில் ரேட்டிங்கும் பதிவாக வேண்டும் என்பது என் விருப்பம், ஏனென்றால் தன் பெயருக்கு எதிரே ஓர் எண் ஏறுவதைக் கண்ட பிள்ளை சொற்பட்டியலைத் தானாகவே கையில் எடுக்கும்.

சேர விரும்புகிறவர்கள் முதலில் அருகிலுள்ள கிளப்பின் இயக்குநரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பட்டியலில் ஆடுகிறார்கள், உறுப்பினராகாமல் எத்தனை முறை வந்து பார்க்கலாம். பலகையோ கடிகாரமோ வாங்க அவசரப்பட வேண்டாம், மேசையில் யாராவது ஒருவர் கொண்டுவந்திருப்பார். வீட்டில் ஈரெழுத்துச் சொற்களை மனனம் செய்யுங்கள், அதன் பிறகு மூவெழுத்து. டைல்களைக் கண்காணிக்கும் அச்சிட்ட தாளில் ஆட்டத்தின்போது எழுத்துகளை அடித்துக்கொண்டே வர அனுமதி உண்டு. அதை முதல் நாளிலிருந்தே பழகுங்கள். பை காலியாகும் நேரத்தில் எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.