பக்கத்துச் செல்லைக் கெடுத்தது யார்?

நுரையீரல் புற்றுக்கட்டியை ஒட்டியிருக்கும் மூச்சுக்குழாய்ச் செல்கள் பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே மாறிப்போயிருக்கும். கெடுத்தது கட்டியா, புகையா? புகைபிடித்தவரின் மூச்சுக்குழாய் முழுக்கப் புகை பட்டிருப்பதால் திசுவை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இரண்டு வகைச் செல்லையும் தட்டில் சேர்த்து வளர்க்க வேண்டியிருக்கிறது.

தட்டிலுள்ள குழியின் அடியில் மூச்சுக்குழாய்ச் செல், மேலே தொங்கும் சவ்வுக் கிண்ணத்தில் புற்றுச் செல். சவ்வின் துளை 0.4 மைக்ரோமீட்டர் இருக்கட்டும். புரதமும், செல் வெளியிடும் 30 முதல் 150 நானோமீட்டர் வரையுள்ள நுண்பையான எக்ஸோசோமும் இறங்கும், செல் இறங்காது. 8 மைக்ரோமீட்டர் துளை என்றால் புற்றுச் செல்லே ஊர்ந்து இறங்கிவிடும். பிறகு, உருமாறும் செல்லில் கூடும் விமென்டின் என்ற புரதம் கூடியது யாரிடம் என்றே தெரியாது.

புற்றுச் செல் விடும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சைகைப் புரதம் பட்ட செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே தெரியும். கூழாங்கல் பாவியதுபோல் நெருங்கியிருந்தவை, இரண்டு மூன்று நாளில் நீண்டு, ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அவற்றைச் சேர்த்துப் பிடித்து வைத்திருந்த ஈ-காடெரின் என்ற புரதம் குறைந்திருக்கும். ஆனால் இதைப் பார்த்ததும் கட்டியின் வேலை என்று முடிவு கட்டக் கூடாது. செல் வளரும் மீடியத்தில் (ஊட்டக் கரைசலில்) சேர்க்கும் மாட்டுச் சீரத்திலேயே டிஜிஎஃப்-பீட்டா இருக்கிறது, மாட்டு எக்ஸோசோமும் இருக்கிறது. பியாஸ்-2பி என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் மனித மூச்சுக்குழாய்ச் செல்லோ சீரம் பட்டாலே உருமாறும். சேர்த்து வளர்க்கும்போதும் சீரமில்லா மீடியம்தான் வேண்டும்.

சேர்த்து வளர்க்காமல், புற்றுச் செல் வளர்ந்த மீடியத்தை மட்டும் எடுத்து மூச்சுக்குழாய்ச் செல்மேல் ஊற்றுவதானால், புற்றுச் செல்லை இரண்டு முறை கழுவி, சீரமில்லா மீடியத்தில் 24 மணி நேரம் விடுங்கள். நாள் கூடினால் செத்த செல்லின் குப்பை சேரும். பிறகு மீடியத்தை எடுத்து, 300 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல் 300 மடங்கு விசையில்) 10 நிமிடம், 2,000 ஜி-யில் 20 நிமிடம் சுழற்றுங்கள். எக்ஸோசோம் தனியாக வேண்டுமென்றால் கடைசியில் 1,00,000 ஜி-யில் 70 நிமிடம்.

மீடியம் மஞ்சளாகியிருந்தால் குளுக்கோஸ் தீர்ந்து லாக்டிக் அமிலம் ஏறியிருக்கலாம். அதில் வாடும் செல் காட்டுவது பசி, புற்றின் செய்தி அல்ல. புது மீடியத்தைச் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். வெறும் மீடியம் கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி) ஆகாது; அதே எண்ணிக்கை நல்ல செல் வளர்ந்த மீடியம்தான் கன்ட்ரோல். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

டிஜிஎஃப்-பீட்டாவின் சைகையைத் தடுக்கும் எஸ்பி-431542 என்ற மருந்தை 10 மைக்ரோமோலார் சேர்த்தும் மாற்றம் நிற்கவில்லையா? டிஜிஎஃப்-பீட்டா மட்டும் காரணமில்லை. ஐஎல்-6 என்ற அழற்சிச் சைகைப் புரதத்தின் பக்கம் பாருங்கள். அதற்கு முன், செல் வளர்ப்பில் ஒட்டிக்கொள்ளும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைகோபிளாஸ்மா இருக்கிறதா என்று சோதனை. 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியையும் தாண்டி வரும் அது, தானே ஐஎல்-8 என்ற இன்னொரு அழற்சிச் சைகையைக் கூட்டிவிடும்.

சிலியா (மூச்சுக்குழாய்ச் செல்லின் அசையும் நுண்மயிர்), சளி பற்றிக் கேள்வி என்றால் பியாஸ்-2பி உதவாது. மனித மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த அடிச்செல்லை (மற்றச் செல்களாக மாறக்கூடிய அடியடுக்குச் செல்லை), சவ்வின்மேல், மேலே காற்றும் கீழே மீடியமுமாக மூன்று நான்கு வாரம் வளர்த்து, சிலியா அடிக்கத் தொடங்கியபின் புற்றுச் செல்லைக் கீழ்ப்பக்கம் வையுங்கள்.