‘அவர்’ எப்போது ‘அவன்’ ஆகிறார்?

பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் குற்றப் புலனாய்வு நிகழ்ச்சிகளுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுவது சில ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. இரத்தம் தெறித்த சுவர்களும் பிரேதப் பரிசோதனை மேசைகளும் ஒரு மாதத்தில் பழகிவிட்டன. கடைசிவரை பழகாமல் போனவை வினைமுற்றுகள். கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் ஆங்கிலம் ஒரே ‘ஹீ’யால் சுட்டிவிட்டு நகர்ந்துவிடும். தமிழில் வாயைத் திறந்த உடனே அவனா அவரா என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அந்தத் தீர்ப்பும் ஒரு சொல்லோடு நிற்பதில்லை, வந்தான், வந்தார் என்று வாக்கியத்தின் கடைசி எழுத்துவரை ஓடுகிறது.

இதை முதலில் எனக்கு உணர்த்தியது ஜான் லிஸ்ட் வழக்கு. நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டில் வாழ்ந்த இந்தக் கணக்கர், 1971 நவம்பர் 9 அன்று தன் தாய், மனைவி, மூன்று பிள்ளைகள் என ஐந்து பேரையும் ஒரே நாளில் சுட்டுக் கொன்றார். பாலும் செய்தித்தாளும் வராதபடி நிறுத்திவைத்தார். பிள்ளைகள் ஊருக்குப் போகிறார்கள் என்று பள்ளிகளுக்குத் தெரிவித்தார். குடும்பப் படங்களிலிருந்து தன் முகத்தை மட்டும் நீக்கினார். வீட்டின் விளக்குகளை எரியவிட்டு, இசையையும் ஒலிக்கவிட்டுப் புறப்பட்டார். ஏறத்தாழ ஒரு மாதம் யாருக்கும் தெரியவில்லை. எரிந்துகொண்டிருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துவருவதை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

‘அமெரிக்காஸ் மோஸ்ட் வாண்டட்’ நிகழ்ச்சி 1989 மே மாதம் இந்த வழக்கை ஒளிபரப்பியது. பதினெட்டு ஆண்டுகளில் அந்த முகம் எப்படி மாறியிருக்கும் என்று கணித்து ஃபிராங்க் பெண்டர் என்ற சிற்பி செய்த மார்பளவுச் சிலை திரையில் காட்டப்பட்டது. பதினோரு நாளில் ஆள் பிடிபட்டார்: வர்ஜீனியாவில், வேறு பெயரில், வேறொரு மனைவியோடு, அதே கணக்கர் தொழிலில்.

ஒலிப்பதிவு அறையில் குரல் கலைஞர் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்டார்: “சார், இந்த ஆளுக்கு எதுக்கு ‘அவர்’? பெத்த தாயைக் கொன்னவன்.” எங்கள் மூத்த வசன ஆசிரியர் அமைதியாகச் சொன்னார்: “கோர்ட் சொல்றவரைக்கும் ‘அவர்’தாம்மா. தீர்ப்பு வந்ததுக்கு அப்புறம் ‘அவன்’னு மாத்திக்கலாம்.” அன்றிலிருந்து அதுவே எங்கள் பிரிவின் விதியானது. விதி எனக்குப் பிடித்திருந்தது. அதைவிட, அது எதிர்பாராமல் செய்த வேலை என்னை உலுக்கியது. ‘பால் வேண்டாம் என்று சொல்லிவைத்தார்’ என்பதில் இருக்கும் அந்த மரியாதை விகுதி, ‘சொல்லிவைத்தான்’ என்று எழுதியிருந்தால் வராத ஒரு குளிரைக் கொண்டுவந்தது. ‘அவன்’ என்று சொன்னால் கேட்பவர் முன்கூட்டியே விலகி நின்றுகொள்ளலாம். ‘அவர்’ என்னும்போது அவர் எதிர்வீட்டில் இருக்கிறார்.

அந்த நிகழ்ச்சியை நடத்திய ஜான் வால்ஷ் எந்த விகுதிக்கும் அடங்காதவர். அவருடைய ஆறு வயது மகன் 1981-இல் புளோரிடாவில் ஒரு கடையிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டான். தேடப்படுபவர்களை அவர் திட்டும் சொற்களை நான் மெலிதாக்கி எழுதுவதுண்டு. மூத்தவர் அவற்றைத் திரும்பக் கூர்மையாக்கிவிடுவார். அவர் செய்ததே சரி என்று இப்போது நினைக்கிறேன்.

‘அன்சால்வ்ட் மிஸ்டரீஸ்’ கையாண்ட சர்க்கிள்வில் கடிதங்கள் வேறு வகையான தொல்லை. ஒஹாயோவில் அந்தச் சிற்றூர்க்காரர்களுக்கு 1976 முதல் மொட்டைக் கடிதாசிகள் வரத் தொடங்கின. பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்ணொருவர்தான் முதன்மையான இலக்கு. அவருடைய கணவர் 1977-இல் கார் விபத்தில் இறந்தார். பின்னர், சாலையோரம் பழிச்சொல் எழுதி வைக்கப்பட்டிருந்த பலகையை அந்தப் பெண் அகற்றப்போன இடத்தில், தானே சுடும்படி பொருத்திய துப்பாக்கி இருந்தது. அதற்காக 1983-இல் உறவினர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். அவர் சிறையில் இருந்தபோதும் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கே ஊர்ப்பக்கம் வராதீர்கள் என்று மிரட்டல் அட்டை வந்தது. எழுதியது ஆணா பெண்ணா என்று தெரியாத அந்த ஆளுக்கு நான் முழுக்க ‘அவர்’ போட்டேன். அங்கே அது மரியாதை அல்ல, முகமூடி. அன்று மாலை வீட்டுக்கு வந்திருந்த, அனுப்புநர் பெயரில்லாத ஓர் உறையைப் பிரிக்கச் சற்றுத் தயங்கினேன்; உள்ளே விளம்பரம்தான் இருந்தது.

1996-இல் தொடங்கிய ‘ஃபாரன்சிக் ஃபைல்ஸ்’ தொடரின் முதல் பகுதி ஹெல் கிராஃப்ட்ஸ் கொலையைப் பற்றியது. கனெக்டிகட்டில் வாழ்ந்த விமானப் பணிப்பெண்ணான அவர் 1986 நவம்பரில் காணாமல் போனார். பனி கொட்டும் இரவில் மரக்கிளைகளைத் துண்டாக்கும் இயந்திரம் ஒன்று ஆற்றோரம் நின்றதைப் பனி அகற்றும் வண்டியின் ஓட்டுநர் பார்த்திருந்தார். அங்கே தேடியெடுத்த எலும்புத் துணுக்குகள், ஒரு நகம், பல்லின் மேற்பகுதி எல்லாம் சேர்ந்தும் 85 கிராம் தேறவில்லை. விமானியான கணவர் 1989-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அந்த இயந்திரத்துக்கு ‘மரம் அரைக்கும் இயந்திரம்’ என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தபோது ‘அரைக்கும்’ என்ற சொல் சமையலறையிலிருந்து வந்து நின்றது, உடனே அடித்துவிட்டேன். ‘உடல் மீட்கப்பட்டது’ என்ற வழக்கமான தொடரையும் எழுத முடியவில்லை. 85 கிராமை உடல் என்பதா? ‘எஞ்சியவை கிடைத்தன’ என்று எழுதினேன். அரை மணி நேர வேலையில் அந்த இரண்டு சொற்களுக்கு ஒரு பிற்பகல் போயிற்று.

விதி உடைந்தது ஜில் டான்டோ வழக்கில். பிபிசியின் ‘கிரைம்வாட்ச்’ 1984 முதல் பொதுமக்களிடம் துப்புக் கேட்டு வந்த நிகழ்ச்சி. கெட்ட கனவு காணாதீர்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லித்தான் நிக் ராஸ் விடைபெறுவார். அவருடன் அதை நடத்திவந்த டான்டோ 1999 ஏப்ரல் 26 அன்று லண்டனில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் அதே நிகழ்ச்சி அவருடைய கொலைக்குத் துப்புக் கேட்டது. 2001-இல் அருகில் வசித்த ஒருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவருடைய மேலங்கிப் பையில் கண்டெடுத்த, கண்ணுக்குத் தெரியாத ஒற்றை வெடிமருந்துத் துகளுக்கு அந்த வழக்கில் பெரிய இடம் இருந்தது. அந்தத் தீர்ப்போடு முடியும் பழைய ஆவணப்படம் ஒன்று என் மேசைக்கு வந்தது. விதிப்படி, தீர்ப்பு வந்த நிமிடத்திலிருந்து ‘அவன்’ என்று எழுதிக் கொடுத்தேன். பதிவும் முடிந்து அனுப்பியாயிற்று.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ததும், மறுவிசாரணையில் 2008-இல் அவர் விடுவிக்கப்பட்டதும் நான் எழுதுவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. படம் சொன்னதை நம்பி நான் சரிபார்க்கவில்லை. சில வாரம் கழித்து வேறொரு வேலைக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது. மூத்தவரிடம் போய்ச் சொன்னேன். “கோர்ட்டும் மாத்திச் சொல்லும்னு நான் யோசிக்கலையே, தம்பி” என்றார்.

ஆங்கிலமாக இருந்தால் தீர்ப்பு மாறியதைச் சொல்லும் ஓர் எழுத்துப் பலகையை இறுதியில் திரையில் சேர்த்தால் போதும். நாங்கள் பலகையையும் சேர்த்து, ‘அவன்’ வந்த 19 வாக்கியங்களையும் வினைமுற்றோடு மாற்றி மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. முதலில் பேசிய கலைஞர் அதற்குள் இந்தத் தொழிலை விட்டிருந்தார். புதிய குரலை எவ்வளவு முயன்றும் பழைய குரலோடு பொருத்த முடியவில்லை. அந்தப் பதிவில் இப்போதும் கடைசிப் பத்து நிமிடத்தில் குரல் திடீரென்று மாறும். ‘அவர்’ வருகிற வாக்கியங்களை மட்டும் வேறொருவர் பேசிக்கொண்டிருப்பார்.