எஞ்சின் சூட்டுக் கணக்கு

யூன் 3, செவ்வாய்

மண்டைதீவுப் பக்கம் நண்டு வலை எடுத்துவிட்டுத் திரும்பும்போது அப்பாதான் முதலில் கண்டார். "தம்பி, எஞ்சின் ஒழுங்கா மூத்திரம் போகேல்லை, பார்." யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் எல்லாரும் அதை அப்படித்தான் சொல்வது. எஞ்சினைக் குளிர்விக்க உறிஞ்சின கடல்தண்ணீரில் கொஞ்சம், பின்பக்கச் சின்னத் துவாரத்தால் பீச்சுவது. நல்ல நாளில் வில்லாக வளைந்து ஒரு முழம் தள்ளி விழும். இன்றைக்கு எஞ்சினின் உடம்போடு ஒட்டி வழிந்தது.

நிறுத்தித் தூக்கிப் பார்த்தால் சாதாளை என்கிற கடற்புல். புரொப்பெல்லருக்கு மேலே, தண்ணீர் உறிஞ்சுகிற கண்களை நாடா நாடாக மூடிக்கொண்டு கிடந்தது. தென்மேற்குச் சோழகக் காற்று பிடித்துவிட்டால் ஆழமில்லாத இந்தப் பரவைக்கடல் முழுக்க இதுதான் மிதக்கும். கையால் உரித்து எறிந்துவிட்டு வந்தோம். தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் பழைய வில் இல்லை.

யூன் 4, புதன்

அப்பாவின் சூட்டுமானி அவருடைய உள்ளங்கை. மூடியைக் கழற்றி, பிளக்குக்குப் பக்கத்தில் கை வைத்து மூன்று எண்ணுவார். எண்ணி முடிக்கலாம் என்றால் சரி. நாற்பது வருடம் காய்ப்பு ஏறிய கை, அதை நம்பி நான் எப்படி எண்ணுவது? நான் "ஒன்று" சொல்வதற்குள் இழுத்துவிடுகிறேன்.

கொரோனாக் காலத்தில் வாங்கின நெற்றிச் சூட்டுமானி வீட்டில் கிடந்தது. கொண்டுபோய்ப் பிடித்தேன். எண் ஒன்றும் காட்டாமல் கீச்சுக் கீச்சென்று கத்தியது. மனிதக் காய்ச்சலுக்கு மேலே அதற்கு எதுவும் தெரியாது. மச்சான் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

யூன் 6, வெள்ளி

குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற நண்பனிடம் நல்ல சூட்டுத் துவக்கு ஒன்று, தொடாமலே சூடு அளக்கிற கருவி, இரவல் கிடைத்தது. மினுங்குகிற அலுமினியத்தில் பிடித்தால் பொய் சொல்லும் என்றான். அதனால் எஞ்சின் தலையில், பிளக்குக்கு இரண்டு விரல் தள்ளி, கறுப்பு மையால் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு வட்டம் போட்டேன். இனி எப்போதும் அந்த வட்டத்தில்தான் அளப்பது.

மெதுவாக ஓடும்போது 63 பாகை செல்சியஸ். பாதி வேகத்தில் 70. அப்பா கை வைத்தார். மூன்று எண்ணவில்லை, இரண்டு.

இது 15 குதிரைவலு, இரண்டு ஸ்ட்ரோக், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறுகிற பழைய சாமான். பெரிய எஞ்சின்களைப்போல் சூடேறினால் கத்தவோ, தானாக வேகத்தைக் குறைக்கவோ தெரியாது. பிஸ்டன் பிடித்து நின்ற பிறகுதான் சேதி சொல்லும்.

யூன் 8, ஞாயிறு

இன்று கடல் இல்லை. பூசை முடிந்து வந்து, தண்ணீர் பீச்சுகிற துவாரத்துக்குள் தடித்த தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) துண்டு ஒன்றை விட்டுக் குடைந்தேன். சேறும் உப்புக்கல்லுமாக ஒரு பருக்கை விழுந்தது. பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினை அதற்குள் இறக்கி ஓட்டினால், அம்மா காயப்போட்ட சட்டையில் போய் விழுகிற அளவுக்குப் பீச்சியது.

"பார்த்தியா, மருந்து சரி" என்றார் அப்பா. எனக்கும் நிம்மதி.

யூன் 10, செவ்வாய்

நிம்மதி இரண்டு நாள்தான்.

வில் அழகாக வளைகிறது, முழத்துக்கு மேலே போகிறது. துவக்கைப் பிடித்தால் மெதுவில் 66, பாதி வேகத்தில் 79, முழு வேகத்துக்குத் திருகி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 91. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மச்சான் வாளியில் கடல்தண்ணீர் அள்ளி எஞ்சின் தலையில் ஊற்றப் போனான். அப்பா அவன் கையைத் தட்டிவிட்டார். கொதிக்கிற அலுமினியத்தில் பச்சைத் தண்ணீர் பட்டு வெடித்த தலை ஒன்றை அவர் கண்டிருக்கிறாராம். தானாக ஆறும்வரை பேசாமல் இருந்தோம். அப்புறம் மரக்கோலால் தாங்கித் தாங்கிக் கரை சேர்ந்தோம். ஓராள் ஆழம்கூட இல்லாத கடல் என்பதால் பிழைத்தோம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோதும் இந்தக் கோல்தான் எங்களைக் காப்பாற்றியது.

இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். தண்ணீர் இறைக்கிற றப்பர் இம்பெல்லர் தேய்ந்திருந்தால் மெதுவில்தான் முதலில் சூடேறவேண்டும், பீச்சலும் சோரவேண்டும். இங்கே தலைகீழ். வேகம் கூடக்கூடச் சூடு, பீச்சலோ பலமாக. எங்கள் எஞ்சினில் பீச்சுகிற குழாய் தெர்மோஸ்டாட்டுக்கு (சூடேறினால் திறந்து தண்ணீரை வெளியே விடுகிற வால்வு) முன்னாலேயே பிரிந்து போகிறது. அப்படியென்றால் பம்ப் தள்ளுகிறது, தண்ணீர் மேலே வருகிறது, வெளியேறுகிற வழியில்தான் ஏதோ அடைப்பு. போகவழி இல்லாத தண்ணீர் அந்தச் சின்னத் துவாரத்தால் பாய்கிறது. நாங்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

யூன் 12, வியாழன்

கரையில் ஆளுக்கு ஒரு வைத்தியம். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி, சூடே வராது" என்பதுதான் அதிகம். எறிந்தால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும், உண்மை. ஆனால் எஞ்சின் குளிர்ந்தே கிடந்தால் மண்ணெண்ணெய் ஒழுங்காக ஆவியாகாது, பிளக் கரி பிடிக்கும். எறிந்தவர்களில் இரண்டு பேர் என்னிடமே பிளக் இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

யூன் 15, ஞாயிறு

போல்ட் இரண்டும் உப்பில் இறுகி அசைய மறுத்தன. எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, காலை முழுவதும் கெஞ்சினேன். மூடி கழன்றது. உள்ளே தெர்மோஸ்டாட் வெள்ளை உப்புச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தது. அதை நெம்பி எடுத்தால் அதற்குக் கீழே, தண்ணீர் வருகிற வாயில், கறுப்பாக ஒரு துண்டு குறுக்கே நின்றது. விரல் நக அளவு. ஒரு பக்கம் வளைந்து, ஓரம் கிழிந்து. றப்பர்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. போன வருடம் இதே முற்றத்தில் அப்பாவும் நானும் இம்பெல்லர் மாற்றினோம். பழையதில் ஆறு இதழில் ஐந்துதான் இருந்தன. ஆறாவது எங்கே என்று கேட்டேன். "அது கடலிலை போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் புதியதைப் பூட்டினார். கடலில் போகவில்லை. குழாய் வழியாக மேலே ஏறி, ஒரு வருடம் எஞ்சினுக்குள் அலைந்து, இங்கே வந்து உப்போடு உப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தெர்மோஸ்டாட்டை வினாகிரியில் ஊறப்போட்டு, பிறகு தங்கூசியில் கட்டி அடுப்புத் தண்ணீரில் தொங்கவிட்டேன் (அம்மாவின் முட்டை அவிக்கிற சட்டி, அந்தச் சண்டையை எழுதவில்லை). துவக்கு 60ஐத் தொடும்போது மெல்ல வாய் திறந்தது. அடுப்பை அணைக்க மூடிக்கொண்டது. நல்ல சாமான். புது கேஸ்கெட் போட்டுப் பூட்டினேன்.

யூன் 16, திங்கள்

முழு வேகத்தில் பண்ணைப் பாலம் வரை போய் வந்தோம். மெதுவில் 61, பாதியில் 62, முழுவதில் 65. பீச்சல் முன்னைவிடக் கொஞ்சம் மெலிவு, ஒரு முழம்தான்.

அப்பா கை வைத்து மூன்று எண்ணினார். பிறகு நான்கு, ஐந்து என்று எனக்குக் கேட்கச் சத்தமாகவே எண்ணினார். கரையேறியதும் அந்த றப்பர்த் துண்டைக் கேட்டு வாங்கி, வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். ஒன்றும் சொல்லவில்லை.

நண்பன் சூட்டுத் துவக்கைக் கேட்டு இரண்டு தரம் போன் எடுத்துவிட்டான். நாளைக்குக் கொடுக்கவேண்டும்.