பீடோங் தோட்டத்துக் குரல்களை வானொலிக்குக் கொண்டுவந்த அனுபவம்

கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்கு வடக்கே, பழைய பெருஞ்சாலை ஓரமாக இருக்கிறது பீடோங். சுற்றிலும் தோட்டங்கள். பால்மரம், அதாவது ரப்பர் மரம், நின்ற பல இடங்களில் இப்போது செம்பனை. இங்கே எழுதியவர்கள், பாடியவர்கள், கூத்துக் கட்டியவர்களைப் பற்றி வாரம் அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து இணைய வானொலியில் நடத்தினோம். முதல் தொடர் முடிந்துவிட்டது. தங்கள் ஊரிலும் இப்படிச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

யாரிலிருந்து தொடங்குவது என்பதில் எங்களுக்குள் பேச்சே எழவில்லை. ரெ. கார்த்திகேசு 1940-இல் பீடோங்கில் பிறந்தவர். நாவல், சிறுகதை, விமர்சனம் என்று எழுதியவர். வானொலியில் பணியாற்றிவிட்டு, பிறகு பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். நம் ஊரில் பிறந்த எழுத்தாளரே வானொலிக்காரராகவும் இருக்கும்போது வேறு யாரை முதலில் வைப்பது?

அந்த முதல் நிகழ்ச்சிக்கு எழுதும்போதே ஒரு முடிவு எடுத்தோம். நேரத்தில் பாதியாவது படைப்புக்கே போக வேண்டும். நம் விழாக்களில் எழுத்தாளருக்கு மாலை போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், பட்டங்களைச் சொல்வார்கள், தலைவர்கள் வரிசையாக வாழ்த்துவார்கள். அவர் எழுதிய ஒரு கவிதையை யாரும் எழுந்து வாசிப்பதில்லை. எனக்கு அது பல காலமாக உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மனிதரைக் கொண்டாடுவது என்றால் அவர் செய்ததைக் காது கொடுத்துக் கேட்பதுதான். ஆதரவு கேட்டு ஓர் அமைப்பிடம் போனபோது, ஒவ்வொரு நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் தங்கள் தலைவரின் வாழ்த்துரை வர வேண்டும் என்றார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். செலவைக் கையிலிருந்தே போட்டுக்கொண்டோம்.

ஆனால் படைப்பை வாசிப்பதென்றால் உரிமைப் பிரச்சினை வரும். மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. கார்த்திகேசு 2016-இல் மறைந்தார். அப்படியென்றால் 2066 முடியும்வரை. விமர்சனம் செய்யும்போது பெயரைச் சொல்லிச் சில வரிகளை எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது. முழுக் கதையையும் வாசிக்கக் குடும்பத்தாரின் அனுமதி வேண்டும். அதனால் முதல் நிகழ்ச்சியில் சில வரிகளோடு நிறுத்தி, அவற்றைப் பற்றி நிதானமாகப் பேசினோம். மற்றவர்களுக்கு ஒரு பக்க ஒப்புதல் கடிதம் தயார் செய்தோம். தமிழில்தான். என்ன வாசிக்கப் போகிறோம், எங்கே ஒலிக்கும், பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோமா என்பது எல்லாம் அதில் இருந்தது. தோட்டத்துப் பெரியவர்கள் வாழ்க்கையில் படிக்க முடியாத தாள்களில் நிறையக் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். நாங்களும் அப்படி ஒரு தாளை நீட்டக் கூடாது என்பதில் கவனமாக இருந்தோம்.

படைப்புகளைத் தேடியது இன்னொரு வேலை. ஒன்றிரண்டு கதை எழுதி நிறுத்திக்கொண்டவர்கள் இங்கே அதிகம். அவர்களுக்குப் புத்தகம் கிடையாது. ஞாயிறு இதழ்களில் வந்ததோடு சரி. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. போய்க் கேட்க அலுவலகம் இல்லை. வீடுகளில்தான் தேடினோம். பிஸ்கட் டின்னில், சாமிப் படத்துக்குப் பின்னால், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து மடித்து வைத்த நறுக்குகள். அவற்றைப் பிரித்தால் கிழியும். விரிந்தவரைக்கும் கைப்பேசியில் படம் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து தட்டச்சு செய்துவிடுவதே நல்லது.

பாடகர்களிடம் போனபோதுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்தது. மாசி மாதம் காமன் பண்டிகை வரும். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, விடிய விடிய லாவணி நடக்கும். எரியாத கட்சிக்குப் பாடிய தாத்தா ஒருவரைக் கண்டுபிடித்தோம். பால் வெட்டி ஓய்வு பெற்றவர். பாட மாட்டேன் என்றுவிட்டார். “எதிர்ப்பாட்டு இல்லாம நான் யாருக்குப் பதில் சொல்றது தம்பி?” அவரோடு மோதிய எரிந்த கட்சிக்காரர் இறந்து பல வருஷம் ஆகிறது. சரி என்று திரும்பிவிடவில்லை. அந்த எரிந்த கட்சிக்காரரின் மருமகன், சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர், கொஞ்சம் நினைவில் வைத்திருந்தார். அவரை அழைத்துப் போனோம். அவர் மாமாவின் கேள்வியைத் தட்டுத் தடுமாறிப் பாடியதும் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். இடையில் ஒரு அடியைத் திருத்தினார். அப்புறம் பதில் வந்தது பாருங்கள், நிறுத்தவே இல்லை. அந்தப் பகுதியை நாங்கள் வெட்டவில்லை. தடுமாற்றம், திருத்தம் எல்லாவற்றோடும் அப்படியே ஒலிபரப்பினோம்.

ஒலிப்பதிவு பற்றிக் கேட்பவர்களுக்கு: லாவணிக்கு டேப்பு என்ற தோல்வாத்தியம் அடிக்கும் இடத்தில் மைக்கைப் பக்கத்தில் வைத்தால் குரல் கரகரவென்று உடைந்துவிடும். பாடகருக்கு அருகிலும் வாத்தியத்துக்குத் தள்ளியும் வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரை வீட்டில் மழை பிடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் இங்கே மழைக்கு வாய்ப்பு அதிகம் என்பதால் காலையிலேயே போவோம். சேவல் கூவினால் கூவட்டும்.

ஒரு பாட்டியிடம் தாலாட்டு கேட்கப் போனோம். பேச்சு 1947-க்குப் போய்விட்டது. அந்த ஆண்டில்தான் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தார்கள். பீடோங்கில் போலீசாரோடு மோதலும் நடந்தது. பாட்டி அப்போது சிறுமி. கள்ளை விடச் சொல்லிப் பெண்கள் பாடிய பாட்டைத் தன் அம்மாவிடமிருந்து கற்றிருக்கிறார். இரண்டு அடிதான் நினைவிருந்தது. வரலாற்று நூல்களில் அந்தப் போராட்டம் உண்டு. அந்த இரண்டு அடியை நான் எங்கும் கண்டதில்லை. எழுதியவர் பெயர் தெரியாததால் அதை நிகழ்ச்சியிலிருந்து விட்டுவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். பெயர் தெரியாதவர்களும் இந்த ஊரின் கவிஞர்கள்தான்.

ஒப்பாரிக்குத் தனி முறை வேண்டும். சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாட யாரும் சம்மதிக்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத் தாண்டி மரத்தடியில் பாய் விரித்துப் பதிவு செய்தோம். பாடி முடித்ததும் அந்த அம்மா முகம் கழுவிக்கொள்ளத் தண்ணீர் கையோடு எடுத்துப் போனோம். பாடிய பிறகு, அது தன் கணவருக்காகப் பாடியது, ஒலிபரப்ப வேண்டாம் என்றார். விட்டுவிட்டோம். ஒரே பிரதியை அவரிடமே கொடுத்தோம்.

எல்லாப் பதிவிலும் தேதி, தோட்டத்தின் பெயர், பாடியவர் பெயர் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே அவர் வாயாலேயே சொல்ல வைத்தோம். கோப்பின் பெயர் மாறினாலும் குரலுக்குள் விவரம் இருக்கும். அந்தந்தக் குடும்பத்துக்குப் பென் டிரைவில் ஒரு பிரதி போய்விட்டது.

இரண்டாம் தொடருக்குத் தோட்ட நாடகங்களில் பெண் வேடம் கட்டிய ஆண்களையும், திருவிழாவுக்கு உறுமி அடித்தவர்களையும் தேடிக்கொண்டிருக்கிறோம். மெர்போக், செமிலிங், குருண் பக்கம் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வருகிறோம்.