குட்டிக் குதிரையோடு காலைப் பொழுது

எங்கள் மட்டக்குதிரைக் குட்டிக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. எலும்புகள் முற்றாத பருவம் என்பதால் அதன் முதுகில் யாரையும் ஏற்றுவதில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்புவதும் சாணம் அள்ளுவதும் விரைவில் முடிந்துவிடும். நேரம் பிடிப்பது குளம்புதான். குதிரைக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது என்பதால், தோளருகே நின்று, கையை எடுக்காமல் கால் வழியே கீழே தடவிக்கொண்டே போய், அது எடையை மற்றக் கால்களுக்கு மாற்றும் கணத்தில் பாதத்தைத் தூக்கிக்கொள்கிறேன். பிறகு கொக்கியால் குதிப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி, நடுவிலுள்ள மெத்தென்ற முக்கோணப் பகுதியைக் குத்திவிடாமல், அடைந்திருக்கும் மண்ணையும் சிறு கற்களையும் நோண்டி எடுக்க வேண்டும். அழுகல் நாற்றம் அடித்தால், ஈரத்தில் நின்று நின்று குளம்பு கெடத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவிவிட ஆள் வருகிறார்.

தீவனத்தில் தாராளம் காட்டுவது பாசமாகாது. செழித்த பசும்புல்லின் சர்க்கரை மிகுந்தால் குளம்புக்குள் அழற்சி உண்டாகி, நடக்கவே முடியாமல் போகலாம்; மட்டக்குதிரைகள் இதற்கு எளிதில் ஆளாகின்றன. ஆகவே தின்பண்டத்துக்குப் பதிலாக, கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் சொறிந்துவிடுகிறேன். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடமும் அதுவே. அப்போது மேலுதட்டை நீட்டி நெளிக்கும் குட்டி, சில நாட்களில் திரும்பி என் தோளையும் பல்லால் சொறிந்துவிட முற்படுகிறது. அந்த மரியாதையை மட்டும் நாசூக்காக மறுத்துவிடுகிறேன்.