எத்தனை கூடை?

பாலக்கோட்டிலிருந்து வந்த அந்த அம்மா மகனைப் பற்றிப் பேச வரவில்லை. அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்: "சார், ஆடி போனதும் பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்கோம். இவனுக்கு வந்தது அவளுக்கும் வந்துடுமா? எங்க சித்தப்பாவும் இப்படித்தான் இருந்தாரு."

தருமபுரிப் பக்கம் உளவியலாளராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகியதுதான். வேலைக்கு வந்த புதிதில் உடனே எண்ணைச் சொல்லிவிடுவேன். அந்த மகனுக்கு வந்திருக்கும் மனச்சிதைவு, அதாவது இல்லாத குரல்கள் காதில் கேட்கக்கூடிய மனநோய், பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரும். கூடப்பிறந்தவருக்கு இருந்தால் அது பத்தை நெருங்கும். 'பத்து' என்றதுமே எதிரில் இருப்பவர் முகம் வெளுத்துவிடும். அப்புறம் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. இப்போதெல்லாம் திருப்பிச் சொல்கிறேன்: "தொண்ணூறு பேருக்கு வராதும்மா." அதே கணக்குதான். ஒரே மாதிரி இரட்டையர்களில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வருவது அதிகம் போனால் பாதிப் பேருக்குத்தான்.

"ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடாதா சார்?"

தெரியாது. 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபணுத் தொகுதியில் காட்டியது. அவற்றில் ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். ஜாதகப் பொருத்தம் மாதிரி பார்த்துச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

பெண்ணின் கவலை கொஞ்சம் தணிந்தபிறகுதான் மகன் பேச்சு வந்தது. மாத்திரையில் காதில் கேட்ட குரல்கள் நின்று ஒரு வருடமாகிறது. ஆனால் தக்காளி மண்டியில் கூடை எண்ணச் சொன்னால் நடுவில் கணக்கு விட்டுப்போகிறதாம். "சோம்பேறி" என்கிறார் அப்பா.

அவனை உள்ளே அழைத்து, நான் சொல்லும் எண்களைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னேன். 4, 9, 2. "ரெண்டு... ஒம்பது..." உதடு அசைந்தது, குரல் வரவில்லை. கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நெற்றியில் வேர்வை. சோம்பேறிக்கு வேர்க்காது. என் முதல் வருடத்தில், இதே மாதிரி திணறிய ஒருவரின் தாளில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி வைத்தவன் நான். இன்றும் கூசுகிறது.

மனதில் பிடித்துவைப்பது, கவனம், வேகம் எல்லாம் இந்த நோயில் அடிவாங்கும். பலருக்குக் குரல் கேட்பதற்கு வருடங்கள் முன்பே தொடங்கிவிடும். மாத்திரை குரலை அடக்கும். இந்தத் திறன்களைப் பெரிதாகத் தூக்கிவிடாது. பாதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவிலும் இருக்காது. இதே நோயோடு ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் ஒருவர் என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவார். அவருக்குச் சிக்கல், காலையில் எழுந்து கிளம்புவதில்.

அந்தப் பையனுக்கு ஒரு நோட்டு வாங்கித் தரச் சொன்னேன். கூடைக்கு ஒரு கோடு, ஐந்தாவது குறுக்கே. அந்த நேரத்தில் வேறு வேலை ஏவக் கூடாது.

அடுத்த மாதம் நோட்டோடு வந்தான். பக்கம் முழுக்கக் கோடுகள். அப்பாவும் கூட வந்திருந்தார். "கணக்கு சரியாத்தான் இருக்குது சார்," என்றார், "ஆனா வண்டிக்காரன் கத்துறான்."